மோட்டார் ஓடாத நாளுக்கு

அன்பின் மகளுக்கு,

ஜனவரியில் நீங்கள் மூன்று பேரும் கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வரும்போது, பேரனுக்காக ஒரு நாள் கரண்டும் போனும் இல்லாமல் இருந்து பார்க்க வேணும் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் செய்வோம். ஆனால் நீ போனையும் டிவியையும்தான் யோசித்திருக்கிறாய் போல. இந்த மாடி வீட்டில் முதலில் நிற்கப்போவது தண்ணீர். குழாய்க்கு வரும் தண்ணீரைத் தள்ளுவதே மோட்டார்தான்.

அதனால் முதல்நாள் பின்னேரமே நிரப்பி வைக்க வேணும். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் 20 லீற்றர், சட்டி பானை கழுவ 20, குளிக்க ஆளுக்கு ஒரு வாளியாக 80, கழிவறைக்கு 100. ஒரு தரம் ஊற்ற 6 லீற்றராவது போகும். இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றினால்தான் இழுத்துக்கொண்டு போகும்; மெல்ல மெல்ல ஊற்றினால் வாளி வாளியாக வீணாகும். அரிசி கழுவின தண்ணீரையும் அதற்கே சேர்த்து வைப்போம்.

நாள் பொயாவாக, முழு நிலவு நாளாக இருக்கட்டும். லீவு நாள், நிலவும் கிடைக்கும். இறைச்சிக் கடை பூட்டு என்பதால் சமையல் மரக்கறிதான். மே மாத வெசாக் பண்டிகை நேரத்தில் வராதது நல்லது, அப்போது தெருவெல்லாம் பந்தல் வெளிச்சம்.

பிரிட்ஜின் பிரேக்கரை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் இறக்குவோம். திறக்காமல் வைத்தாலும் பிரிட்ஜ் 4 மணித்தியாலம்தான் குளிரைப் பிடிக்கும். ஒரு நாள் ஆசைக்காகச் சாப்பாட்டைப் பழுதாக்க எனக்கு மனமில்லை.

அடுப்பு மொட்டைமாடியில்தான். பல்கனியில் வேண்டாம், வீட்டுக்குள் கதைக்கே இடமில்லை. சிரட்டை கரியானதும் புகைக்காமல் எரியும், அதனால் பாதகமில்லை என்று தோன்றும்; ஆனால் அதிலிருந்து வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமே கிடையாது, மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். பற்றவைக்கத் தும்பை அடியில் வைத்து, உடைத்த சிரட்டையை இடைவெளி விட்டு அடுக்க வேணும். நெருக்கி அடுக்கினால் காற்றில்லாமல் அணையும். சூட்டைக் குறைக்க வேணுமென்றால் சிரட்டையை வெளியே இழுக்க வேணும்.

புது மண்பானையை நேரே நெருப்பில் வைத்தால் வெடிக்கும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, மெல்லிய நெருப்பில் கஞ்சி காய்ச்சி, தானாக ஆறவிட்டுப் பழக்கி வைக்கிறேன். சுடுபானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, கீறல் விழும். சிவப்பு நாட்டரிசி 2 சுண்டுக்குத் தண்ணீர் 8 சுண்டு வைத்து, விரலில் நசுங்கும் பதத்தில் வடிப்போம். சொதிக்கு இரண்டாம் பாலில் காயை அவித்து, முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதி எழும்ப முன் இறக்கி, ஆறின பிறகு தேசிக்காய்ப் புளி. அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் பால் திரைந்துபோகும். சம்பலுக்கு அம்மியில் முதலில் செத்தல் மிளகாயும் உப்பும், பிறகு தேங்காய்ப்பூ, கடைசியில் சின்ன வெங்காயம். வெங்காயத்தை முதலே வைத்தால் தண்ணீர் விட்டு மிளகாய் வழுக்கும், அரைபடாது. தேங்காய் துருவப் பேரனை விடலாம், ஆனால் திருவலைப் பல்லுக்கு அவன் கை கிட்டப் போகாமல் நீ பக்கத்திலேயே இரு.

காத்தாடி இல்லாததுதான் உங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருக்கும். மத்தியானம் தரையில் பாயைப் போட்டுப் படுங்கள். காற்று ஓடாத அறைக்கு நுளம்பும் வரும். டெங்கு நுளம்பு பகலில், அதுவும் காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் கடிக்கும். பிள்ளைக்கு நீளக்கைச் சட்டை கொண்டு வா. பகல் தூக்கத்துக்கும் வலை கட்டித் தருகிறேன்.

பொழுது பட்டு அரை மணிக்குள் நல்ல இருட்டாகிவிடும். 5 மணிக்கே சட்டி பானை கழுவி, லாம்பின் சிமினியைத் துடைத்து, திரியை நேராக வெட்டி வைக்க வேணும். திரி உயர்ந்தால் சிமினி கரி பிடிக்கும். லாம்பைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைப்போம். பொழுது படும் நேரத்தில் நிலவு கிழக்கே ஹவ்லொக் றோட் பக்கம் எழும்பும். மொட்டைமாடியில் நின்றால் நல்லாகத் தெரியும்.

ஒரு போனை முழுதாகச் சார்ஜ் செய்து, நிறுத்தி, அலுமாரியில் வைப்பேன். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இரண்டையும் தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுகிறேன். இதில் பிடிவாதம் வேண்டாம், மகள்.

அன்று முழுக்க வாளிகளுக்கு மூடி இருக்க வேணும். அடுத்த நாள் காலையில் மிஞ்சின தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்சுவரைத் தும்புக்கட்டையால் தேய்த்துக் கழுவு. நுளம்பு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், ஊற்றினால் மட்டும் போகாது.

அன்புடன்,
அம்மா