சேதி வராத மூன்று நாள்

சென்னை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் வாய்க்கால் வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது.

‘நோ நியூஸ் இஸ் குட் நியூஸ்’ என்பதற்கு உன் பேத்தி ‘எந்தச் செய்தியும் நல்ல செய்தி இல்லை’ என்று பொருள் எழுத, ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டாராமே. குழந்தையைத் திட்டாதே. அந்தச் சொற்களை அப்படியும் பிரித்துப் படிக்க முடியும். காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் அவள் எழுதியதுதான் சரி என்று எனக்கே தோன்றுகிறது. வழக்கில் உள்ள பொருள் வேறு: சேதி ஒன்றும் வரவில்லையா, எல்லாரும் சுகம் என்று எடுத்துக்கொள். 1640இல் ஜேம்ஸ் ஹவல் என்ற ஆங்கில எழுத்தாளர், இத்தாலியர் சொல்லும் பேச்சு என்று ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். கடிதம் குதிரையிலும் கப்பலிலும் போன காலம் அது.

நமக்கும் இது தெரியாததல்ல. ‘தந்தி’ என்று வாசலில் குரல் கேட்டாலே, உறையைப் பிரிக்கும் முன்பே என் அம்மா அழத் தொடங்கிவிடுவாள். தந்திக்காரர் சைக்கிள் நம் தெருவைத் தாண்டிப் போய்விட்டால் அன்றைக்கு நல்ல நாள்.

ஆனால் 2023 டிசம்பரில் இந்த வாசகம் எனக்குத் துணை நிற்கவில்லை. அக்கா ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, தாமிரபரணியில் வெள்ளம், செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிற்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஒரே காட்சியைச் சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எது இன்றையது, எது எந்த ஊர் என்றுகூடப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, அக்கா வீட்டுப் பச்சைக் கதவு தெரிகிறதா என்று தேடினேன். அவளை அழைத்தால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற பதிவுக் குரல்தான். ஊர் உலகத்துச் சேதியெல்லாம் கையில் வந்து கொட்டியது. அந்தத் திண்ணை வரை தண்ணீர் ஏறியதா என்று சொல்ல ஒருவர் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டது நடந்திருந்தால் எப்படியும் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த வாசகம் நிற்கிறது. டவர் செத்துப்போன ஊரிலிருந்து யார் சொல்லி அனுப்புவது?

மூன்றாம் நாள் மாலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. “மாடியில் இருக்கிறோம்டா. கோழிகள்தான் போய்விட்டன” என்றாள் அக்கா. அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பிறகு கைபேசியில் செய்திகளுக்கு மணி அடிப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் நாளிதழ், இரவில் அக்காவோடு ஐந்து நிமிடப் பேச்சு. எனக்கு அது போதுமாக இருக்கிறது.

பேத்தியைச் சரியான பொருளை எழுதச் சொல். அவள் எழுதியதையும் அழிக்காமல் வைத்திருக்கட்டும். நீயும் போன முறைபோல எழுத ஒன்றும் இல்லை என்று இரண்டு மாதம் இருந்துவிடாதே. ஒன்றும் இல்லையென்றால் அதையே ஒரு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
ராமலிங்கம்