காலித் தொட்டியை ஏன் ஓட விடச் சொல்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொளத்தூரில் உள்ள எங்கள் கடல் மீன் தொட்டிக் கடைக்கு வந்து போகிற உங்களில் பலருக்கு அந்த வாட்ஸ்அப் ஆடியோ வந்திருக்கும். எங்களுக்கு அதை அனுப்பியதே நீங்கள்தான். "கடல் மீன் வளர்க்கணும்னு போனா தொட்டி, உப்பு, பம்பு எல்லாத்தையும் தலையில கட்டிடுறாங்க. மீன் கேட்டா மட்டும் ஒன்றரை மாசம் கழிச்சு வாங்கன்றாங்க. அதுவரைக்கும் வாரா வாரம் எதையாவது விக்கிறதுக்குத்தான் இந்த வேலை" என்று அதில் ஒருவர் பேசுகிறார். யார் என்று தெரியும், பெயர் சொல்ல மாட்டோம். அவர் எப்போது வந்தாலும் எங்கள் வாடிக்கையாளர்தான். விலை பற்றியும் வீட்டுப் பராமரிப்பு பற்றியும் எப்படியும் இந்த மாதம் உங்களுக்கு எழுத வேண்டியிருந்தது. ஆனால் இந்தப் பேச்சுதான் மனதைக் குடைகிறது, அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம்.

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். கடலில் அது கரைந்து காணாமல் போய்விடும். உங்கள் ஹாலில் இருக்கும் மூன்றடி தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. அதைத் தின்று முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு மீனை அவ்வளவாகப் பாதிக்காத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா கல்லிலும் மணலிலும் ஒட்டி வளர வேண்டும். புதுத் தொட்டியில் அது பேருக்குக் கூட இருக்காது. வளர்ந்து நிலைக்க நாலு வாரமாவது ஆகும், ஆறு வாரமும் ஆகலாம். அதுவரைக்கும்தான் தொட்டியை மீன் இல்லாமல் ஓட விடச் சொல்கிறோம். பாட்டிலில் வரும் பாக்டீரியாவை ஊற்றினால் கொஞ்சம் முந்தலாம், அப்போதும் சோதித்துப் பார்க்காமல் மீன் விடக் கூடாது.

"நான் கப்பி வளர்த்திருக்கேன், ஃபைட்டர் வளர்த்திருக்கேன், நேத்து தண்ணி ஊத்தி இன்னைக்கு மீன் விட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கடல் நீரின் பிஎச், அதாவது காரத்தன்மையின் அளவு, 8.1லிருந்து 8.4 வரை இருக்க வேண்டும். பிஎச் ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவில் விஷமாக வேலை செய்யும் பங்கும் கூடும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் கப்பி தாக்குப் பிடித்த அளவு, உப்புத் தண்ணீரில் கோமாளி மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் வேகமாக அடித்துக்கொள்ளும். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நிலைக்கு வந்த மீனைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது.

வாரா வாரம் விற்கிறோமாம். இதைத்தான் எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த ஆறு வாரமும் தொட்டிக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு பச்சை இறால். காசிமேட்டிலோ உங்கள் தெரு மீன்காரம்மாவிடமோ வாங்கித் தொட்டியில் போட்டால் அது அழுகி அம்மோனியா கொடுக்கும், அதைத் தின்று பாக்டீரியா பெருகும். அந்த இறாலை நாங்கள் விற்பதில்லை. டெஸ்ட் கிட் கூட வாங்க வேண்டாம், சின்ன பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து வாருங்கள், காசு வாங்காமல் பார்த்துத் தருகிறோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறோம். சோதனைக் குழாயில் மருந்து விட்டுச் சில நிமிடம் பொறுத்தால் நிறம் வரும். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை, பச்சை பக்கம் போகப் போக அதிகம். இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து "இது மஞ்சளா, பச்சையா" என்று கேட்கிறீர்களே, அதற்கு ஒரு நாளும் நாங்கள் பதில் போடாமல் இருந்ததில்லை. பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். தொட்டி வாங்கிய அன்றே ஒரு ஜோடி மீனையும் கவரில் போட்டுக் கொடுத்தால் எங்களுக்கு அன்றைக்கே வியாபாரம். மூன்றாம் நாள் செத்தால் மறுபடி வந்து வாங்குவீர்கள், மறுபடி வியாபாரம். வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிற கடைக்கு அதில் என்ன லாபம் இருக்க முடியும்?

அதே ஆடியோவில் இன்னொன்றும் வந்தது. பக்கத்திலேயே கடல் இருக்க, உப்பு எதற்கு என்று. மெரினா ஓரம் கூவம் வந்து விழுகிறது, பட்டினப்பாக்கம் பக்கம் அடையாறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரின் உப்பும் குறைந்துவிடும். சுத்தமான கடல் நீர் எடுக்க வழியும் படகும் உள்ளவர்கள் தாராளமாக எடுக்கலாம். மற்றவர்களுக்கு ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் கடல் உப்பு என்று கலப்பதுதான் வழி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 190 லிட்டர் பிடிக்கும், ஆறரை கிலோவுக்கு மேல் உப்பு ஆகும். உப்பின் அளவு பார்க்கும் ரீஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்ட வேண்டும். சமையல் உப்பு வேண்டவே வேண்டாம், அதில் கால்சியமும் மெக்னீசியமும் கடலில் உள்ள அளவு கிடையாது. தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் போதும்.

சித்திரை வெயிலுக்கும் இப்போதே தயாராகிவிடுங்கள். 25லிருந்து 27 டிகிரிதான் தொட்டிக்கு நல்லது. மேலே சின்ன ஃபேன் வைத்தால் கொஞ்சம் குறையும், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஓரளவுக்குத்தான். மேற்கு வெயில் விழும் சுவர் என்றால் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இல்லாமல் தொடங்க வேண்டாம் என்போம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் தவித்தது மறந்திருக்காது. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை வீட்டில் வைத்திருந்தவர்கள் மீன்களைக் காப்பாற்றினார்கள். அதை எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை.

உயிருள்ள பவளமும் கடல் குதிரையும் கேட்டு வருபவர்களுக்கு எப்போதும் சொல்வதுதான்: இரண்டும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, கடையில் கிடையாது. மன்னார் வளைகுடாவில் இருந்து பெயர்த்து வந்த கல்லையும் தொட மாட்டோம். செயற்கைக் கல்லிலேயே பாக்டீரியா நன்றாகப் பிடிக்கும். முதல் மீனாகப் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதன் இனப்பெருக்கத்தைச் செய்து காட்டி, குஞ்சு வளர்க்கும் முறையையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்த குஞ்சு தூள் தீனிக்குப் பழகியிருக்கும், பிடித்து வந்த மீன் போல மிரளாது.

சரி, விலைக்கு வருவோம். உப்பு, பம்ப், விளக்கு எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. டாலர் ஏறினால் எங்கள் கொள்முதலும் ஏறுகிறது, கூடவே வண்டி வாடகையும். இவ்வளவு நாள் இழுத்துப் பிடித்தோம், இனி முடியவில்லை. உப்பு வாளியின் புது விலை கடைப் பலகையில் இருக்கிறது. உங்கள் வீடுகளுக்கு வந்து தொட்டி கழுவிய தம்பி வெளிநாட்டில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்கள் பிள்ளை போல இருந்தவர், நன்றாக இருக்கட்டும். புது ஆள் பழகும் வரை வீட்டுப் பராமரிப்பு கொளத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர், அண்ணா நகர் வரைக்கும்தான், மாதம் 2,000 ரூபாய். ஏழு நாளுக்குள் செத்த மீனுக்கு மாற்று மீன் தரும் சலுகையும் இந்த மாதத்தோடு முடிகிறது.

அந்த ஆடியோ வந்த குரூப்பிலேயே உங்கள் தொட்டிப் படங்களைப் போட்டு, "நாங்களும் ஆறு வாரம் காத்திருந்தோம், இப்ப பாருங்க" என்று எழுதினீர்களே, அதைப் படித்த இரவு வீட்டில் எல்லோருக்கும் மனம் நிறைந்துவிட்டது. எங்களிடம் வாங்கிய ஜோடி முட்டையிட்ட வீடியோவை அனுப்பிய பெரம்பூர் டீச்சருக்கும், புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குத் தன் தொட்டியில் இருந்து பாக்டீரியா பிடித்த கல்லை எடுத்துக் கொடுத்து உதவும் வில்லிவாக்கம் அண்ணனுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்களால்தான் இந்தக் கடை நடக்கிறது.

கோமாளி மீன் அடுத்த சரக்கு வியாழக்கிழமை வருகிறது. சொல்லி வைத்தவர்கள் அன்றே எடுக்க வேண்டாம், சில நாள் கடைத் தொட்டியில் தனியாக வைத்து, வெள்ளைப் புள்ளி நோய் இல்லையென்று பார்த்த பிறகு போன் செய்கிறோம். வரும்போது மறக்காமல் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
கொளத்தூர், சென்னை