ஜூலன் அக்காவுக்கு, அந்த 44 விக்கெட்டைப் பற்றி

அன்புள்ள ஜூலன் அக்கா,

இந்தியாவின் வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி என்று உங்களைப் பற்றி யார் எழுதினாலும் 255 என்ற எண்ணில்தான் தொடங்குகிறார்கள். 204 ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட். பெண்கள் கிரிக்கெட்டில் இதுவரை வேறு யாரும் அங்கே போகவில்லை. டி20-யில் எடுத்த 56, டெஸ்டில் எடுத்த 44 இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 355. எல்லாம் சரி. ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுதுவது அந்த 44-க்காக. உங்கள் கணக்கிலேயே சின்ன எண் அதுதான், எனக்கு அதிகம் வலிப்பதும் அதுதான்.

2002 ஜனவரியில் எங்கள் சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக, உங்கள் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடினீர்கள். அப்போது உங்களுக்கு 19 வயது. மேற்கு வங்கத்தின் சக்தஹாவில் விடியற்காலை லோக்கல் ரயிலைப் பிடித்து, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தாண்டிக் கொல்கத்தாவில் பயிற்சிக்குப் போய்வந்த பெண். அதற்கு நாலு வருடம் முன்பு, 1997 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், ஈடன் கார்டன்ஸ் எல்லைக் கோட்டருகே பந்து பொறுக்கிப் போடும் சிறுமியாக நின்றீர்கள். அன்று ஆஸ்திரேலியாவுக்காக ஆடியவர்களில் கேத்ரின் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் ஒருவர். இருபது ஆண்டு கழித்து, 2017 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் பொட்செஃப்ஸ்ட்ரூமில், அவருடைய 180 விக்கெட் சாதனையைத் தாண்டினீர்கள். இதைக் கதையில் யாராவது எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்றிருப்பேன்.

இப்போது இங்கிலாந்தின் டான்டனுக்கு வருகிறேன். 2006 ஆகஸ்ட், இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட். நம் அணி 307 எடுத்தது. பதிலுக்கு ஆடிய இங்கிலாந்து 99-இல் சுருண்டது, உங்களுக்கு 33 ரன்னுக்கு 5 விக்கெட். ஃபாலோ ஆன் கொடுத்து, அவர்களை உடனே மறுபடி ஆட வைத்தோம். இரண்டாவது முறை இங்கிலாந்து எளிதில் விடவில்லை, 305 வரை இழுத்தது. அங்கேதான் நீங்கள் யார் என்று தெரிந்தது. முதல் இன்னிங்ஸில் வீசிய களைப்பு உடம்பில் இருக்கும்போதே மறுபடி பந்தை வாங்கி, 45 ரன்னுக்கு இன்னொரு 5 எடுத்தீர்கள். 98 என்ற இலக்கை ஐந்து விக்கெட்டை இழந்து எட்டி, இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் தொடரை வென்றோம். ஆட்டத்தில் 78 ரன்னுக்கு 10 விக்கெட். 23 வயது. ஒரு வேகப்பந்து வீச்சாளர் முழுசாகப் பழுத்து வருகிற வயது.

அதற்கு அடுத்த டெஸ்ட் உங்களுக்கு எப்போது கிடைத்தது? 2014-இல். எட்டு வருடம்!

இந்த இடத்தில் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. 2002-இலிருந்து டான்டன் வரை நாலரை ஆண்டில் 8 டெஸ்ட் ஆடினீர்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை 16 ஆண்டில் 4. டான்டன் வெற்றி வந்த அதே 2006-இன் கடைசியில்தான் பெண்கள் கிரிக்கெட் பிசிசிஐயின் கைக்கு வந்தது. பணம் உள்ள வாரியம் வந்துவிட்டது, இனி எல்லாம் நடக்கும் என்று நம்பியவர்கள் எத்தனை பேர். வசதிகள் மெல்ல வந்தன. டெஸ்ட் மட்டும் வரவில்லை. 2014-இல் இரண்டு, அதன்பின் 2021-இல்தான் மீண்டும் இரண்டு. நீங்கள் முதல் ஆட்டம் ஆடிய அதே 2002-இல்தான் ஜேம்ஸ் ஆண்டர்சனும் இங்கிலாந்து ஒருநாள் அணிக்குள் வந்தார். அவர் 188 டெஸ்ட் ஆடி 704 விக்கெட்டோடு விடைபெற்றார். நீங்களும் 700 எடுத்திருப்பீர்கள் என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்வது இருவருக்குமே மரியாதை இல்லை. 188 எங்கே, 12 எங்கே என்றுதான் கேட்கிறேன்.

ஒருநாள் போட்டியில் உங்களுக்குப் பத்து ஓவர்தான். ஓவருக்கு மூன்றரை ரன்கூடக் கொடுக்காத உங்களை அடிக்க முடியாது என்று எல்லா அணிக்கும் தெரியும். அதனால் பத்து ஓவரையும் தடுத்து ஆடிவிட்டு, மறுமுனையில் ரன் எடுத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரத்தில், மட்டை விளிம்பில் பட்டு வரும் பந்தைப் பிடிக்க நிற்கும் ஸ்லிப்பையும் எடுத்துவிடுவார்கள், விளிம்பில் பட்ட பந்து காலியிடத்தில் ஓடும். டெஸ்டில் தப்பித்து ஓட வழியில்லை. காலையில் தடுத்தால் மதியம் மறுபடி வருவீர்கள், மறுநாள் புதுப் பந்தோடு வருவீர்கள். நாலு பந்தை உள்ளே கொண்டுவந்து, ஐந்தாவதை நேராகப் போக விடுகிற பொறுமைக்கு அங்கேதான் முழு மதிப்பு. உங்கள் பந்துவீச்சு அந்த ஆட்டத்துக்கென்றே அமைந்தது. 2021-இல் ஆஸ்திரேலியாவின் கரராவில், பகலிரவு டெஸ்டில், பிங்க் பந்தைக் கையில் கொடுத்தபோது பெத் மூனியின் ஸ்டம்பைச் சாய்த்தீர்கள், அலீசா ஹீலியையும் அனுப்பினீர்கள். அப்போது உங்களுக்கு 38 வயது. அதுவே உங்கள் கடைசி டெஸ்டாகவும் ஆகிவிட்டது.

ஒருநாள் ஆட்டங்களிலும் உங்கள் நல்ல நாட்கள் பல, இன்னொருவர் பெயரால்தான் நினைவில் நிற்கின்றன. 2017 உலகக் கோப்பை அரையிறுதி என்றால் ஹர்மன்ப்ரீத்தின் 171. நியாயம்தான், அப்படி ஒரு ஆட்டத்தை யாரால் மறக்க முடியும்? ஆனால் அந்த ரன்களுக்குக் காவல் நின்றது ஆஸ்திரேலியக் கேப்டன் மெக் லேனிங்கை நீங்கள் ரன் எடுக்கவிடாமல் போல்ட் ஆக்கிய பந்து. ஆஃப் ஸ்டம்பின் உச்சியைத் தொட்ட அந்தப் பந்தை இன்னும் தேடித் தேடிப் பார்க்கிறேன். இறுதிப் போட்டியிலும் அப்படித்தான். இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 146 என்று வசதியாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்தடுத்த பந்துகளில் சாரா டெய்லர், ஃபிரான் வில்சன். கொஞ்ச நேரத்தில் அரைசதம் கடந்திருந்த சிவர். பத்து ஓவரில் 23 ரன், 3 விக்கெட். ஒன்பது ரன்னில் தோற்றோம். ஊரே இங்கிலாந்தின் அன்யா ஷ்ரப்சோலின் ஆறு விக்கெட்டைப் பேசியது. ஜெயித்திருந்தால் உங்கள் ஸ்பெல்லைத்தான் பேசியிருக்கும்.

உலகக் கோப்பைகளில் நீங்கள் எடுத்த 43 விக்கெட் சாதனையை 2025 போட்டியில் தென்னாப்பிரிக்காவின் மாரிசான் காப் தாண்டிவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை, நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது. அதே போட்டியின் இறுதியில் நவி மும்பையில் நம் பெண்கள் கோப்பையை வென்று, உங்களையும் மிதாலியையும் அஞ்சும் சோப்ராவையும் மைதானத்துக்குள் அழைத்துக் கையில் கொடுத்தார்களே, அன்று நீங்கள் அழுதபோது எங்கள் வீட்டில் யாருமே பேசவில்லை.

ஆனாலும் காலம் உங்களிடம் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் ஆறவில்லை. 2022 செப்டம்பர் 24, லார்ட்ஸில் கேட் கிராஸை போல்ட் ஆக்கி 255-ஐ முடித்தீர்கள். அடுத்த மாதமே ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று அறிவித்தார்கள். அடுத்த மார்ச்சில் பெண்கள் பிரீமியர் லீக் தொடங்கியது. நீங்கள் அதில் மும்பை அணிக்குப் பயிற்சி தரத்தான் போனீர்கள்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

2024-இல் தென்னாப்பிரிக்கா சேப்பாக்கத்துக்கு டெஸ்ட் ஆட வந்தது. 603 அடித்து டிக்ளேர் செய்து, பத்து விக்கெட்டில் வென்றோம். ஆனால் அதுவும் ஒரே ஒரு டெஸ்ட். இப்போது வருவதெல்லாம் இப்படி ஒற்றை டெஸ்ட்தான். இரண்டாவது டெஸ்டே இல்லாத காலத்தில் ஒரு டான்டன் எப்படி நடக்கும்? உள்ளூரில் பெண்களுக்கான பல நாள் ஆட்டமும் 2018-க்குப் பிறகு 2024-இல்தான் திரும்ப வந்தது. ரேணுகா சிங்கின் ஸ்விங்கைப் பாருங்கள். செஸ்டர்-லே-ஸ்ட்ரீட்டில் இங்கிலாந்தின் ஆறு பேரை வெளியேற்றிய கிராந்தி கௌடைப் பாருங்கள். கிராந்திக்கும் ஏறத்தாழ நீங்கள் டான்டனில் நின்ற வயதுதான்.

உங்கள் பெயரில் ஈடன் கார்டன்ஸில் ஒரு ஸ்டாண்ட் இருக்கிறது. வாரியத்தில் நீங்கள் பேசினால் எழுந்து நின்று கேட்பார்கள். ஆண்டுக்கு ஒரு தொடர், அதில் குறைந்தது மூன்று டெஸ்ட் என்று கேளுங்கள் அக்கா. பொதுவெளியிலேயே, உங்கள் 12-ஐயும் 44-ஐயும் எடுத்துச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
சேப்பாக்கத்து ரசிகை ஒருத்தி