பழைய ஆலயத்துக்கு எதற்குச் சிமெண்ட் பூச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்துக் கிராமத்துக் கிறிஸ்தவ ஆலயங்களைப் பற்றி வந்த படக்கட்டுரையைப் பார்த்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் அந்த ஆலயங்கள் கட்டிய நாளிலிருந்து அப்படியே நிற்கின்றன என்று எழுதியிருந்ததைத்தான் விழுங்க முடியவில்லை. அங்கே அப்படியே நிற்கிற ஆலயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நார்மன் மன்னர்கள் ஆண்ட 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் கனத்த சுவரும் அரைவட்ட வாசலுமாகத் தொடங்கியிருப்பார்கள். சபை பெருத்ததும் வடக்குச் சுவரை உடைத்துத் தூண் நிறுத்திப் பக்கத்தில் ஒரு கூடம் சேர்த்தார்கள், அதற்குள் கூர்முனை வளைவு வந்துவிட்டது, அப்புறம் கம்பளி வியாபாரத்தில் காசு புரண்ட 15-ஆம் நூற்றாண்டில் பெரிய ஜன்னலும் மேற்கே உயரமான கோபுரமும். நல்ல கட்டுக்கல் கிடைக்காத நார்ஃபோக்கில் சிக்கிமுக்கிக் கல்லிலேயே வட்டமாகக் கோபுரம் எழுப்பினார்கள். டர்ஹாம் பக்கத்து எஸ்கோம் ஆலயம் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்குக் கல் வந்தது பக்கத்தில் பாழடைந்து கிடந்த ரோமானியக் கோட்டையிலிருந்து.

மகள் ஹெர்ஃபோர்டில் நர்ஸ் (எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருத்தியாவது அங்கே இருக்கிறாள்), அவள் தயவில் கில்பெக் ஆலயத்தைப் பார்த்தேன். 1140 வாக்கில் கட்டியது, சிவப்பு மணற்கல், நம் இடுக்கி மலை (ஹைரேஞ்ச்) எஸ்டேட் ஆலயங்களைவிடப் பெரிதொன்றும் இல்லை. தெற்கு வாசலைச் சுற்றிப் பாம்பும் பறவையும் வாலைக் கவ்விய விலங்குகளும். கூரைக்குக் கீழே சுற்றிலும் 80-க்கு மேற்பட்ட கல் தலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன: ஒன்றில் நாயும் முயலும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கின்றன, இன்னொன்றில் ஒரு பெண் உருவம், கூச்சமே இல்லாமல். அதைப் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் நெளிகிறார்கள். கோயில் கோபுரம் பார்த்து வளர்ந்த நமக்கென்ன!

16-ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் மதச் சீர்திருத்தம் வந்ததும் ஆலயச் சுவர் ஓவியங்களின் மேல் வெள்ளையடித்தார்கள். சர்ரே மாவட்டத்துச் சால்டனில் 1200 வாக்கில் தீட்டிய ஏணி ஓவியம், ஆன்மாக்கள் ஏறுவதும் வழுக்கி விழுவதும் கீழே பிசாசுகள் கொப்பரையோடு காத்திருப்பதுமாக, 19-ஆம் நூற்றாண்டில்தான் அந்த வெள்ளைக்கு அடியிலிருந்து வெளிவந்தது. சுண்ணாம்பு என்பதால் பிழைத்தது. பெரிய சேதம் செய்தவர்கள் விக்டோரியா காலத்துப் பக்திமான்கள். புதுப்பிக்கிறோம் என்று பழைய காரையைச் சுரண்டினார்கள், பிற்காலத்தில் சேர்த்ததையெல்லாம் இடித்துவிட்டுப் 'பழைய பாணியில்' புதிதாகக் கட்டினார்கள். 1877-இல் கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மோரிஸ் பொறுக்க மாட்டாமல் அத்தினேயம் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார், உங்களுக்கு நான் எழுதுவதுபோல. அதையொட்டி அந்த மாதமே பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கம் உருவானது, இன்றும் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் மலையிலும் அதே பக்திமான்கள் புறப்பட்டுவிட்டார்கள். பீர்மேடு பள்ளிக்குன்னில் 1869-இல் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரி ஹென்றி பேக்கர் ஜூனியர் கட்டிய ஆலயத்தையும், கல்லறைத் தோட்டத்தில் துரை ஒருவரின் குதிரைக்குக்கூடக் கல்லறை இருப்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். நான் சொல்வது அதையல்ல, வேறொரு பழைய கருங்கல் ஆலயம், பெயர் வேண்டாம். உள்ளே இருந்த சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துச் சிமெண்ட் பூசினார்கள், வெளியே கல் இடுக்கெல்லாம் சிமெண்டைத் திணித்தார்கள், மேலே பளபளவென்று பெயின்ட். இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை வந்தது. ஓதம் ஆள் உயரத்துக்கு ஏறி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, விரலால் தொட்டால் வெள்ளை உப்பு உதிர்கிறது. கமிட்டியில் கேட்டால் பெயின்ட் சரியில்லை என்கிறார்கள்.

பெயின்ட் என்ன செய்யும்? கருங்கல் தண்ணீரை இழுக்காது. சுவருக்குள் இறங்கிய ஈரம் வெளியேற இருந்த ஒரே வழி அந்தச் சுண்ணாம்பு இடுக்குதான், அதைச் சிமெண்டால் அடைத்தாயிற்று, இனி ஈரம் உள்பக்கம்தான் வரும். கில்பெக் மாதிரி மணற்கல்லாக இருந்தால் இன்னும் மோசம், கல்லின் முகமே பொரிந்து உதிரும். ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதுவும் கேவலம்: கூரையோரத் தகரப் பாத்தியில் சில்வர் ஓக் மரத்துச் சருகு அடைத்து, மழைத்தண்ணீர் முழுதும் சுவரோடு வழிந்திருக்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சுமார் 16,000 ஆலயங்கள், அவற்றில் 12,000-க்கு மேல் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளவை. பராமரிப்புச் செலவு பெரும்பாலும் அந்தந்தச் சபையார் தலையில்தான், ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வரும் ஊரிலும் அப்படித்தான். ஆனாலும் 1955-இல் சட்டமாக வந்து இன்றும் தொடரும் விதிப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் வந்து கூரை முதல் அடித்தளம் வரை பார்த்து அறிக்கை தர வேண்டும். பழைய பெஞ்சை மாற்றுவதற்குக்கூடப் பேராயத்தின் (டயோசிஸ்) எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இங்கே ஒரு கமிட்டிக் கூட்டமும் ஒரு காண்ட்ராக்டரும் போதும்.

நம் பேராயங்களும் பழைய ஆலயங்களுக்கு இப்படி ஒரு விதி செய்யட்டும். ஆளுக்கும் பஞ்சமில்லை, கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறார்கள். அது வரும்வரை, சபைக் கமிட்டிகள் மே மாதத்துக்குள் ஏணி வைத்து ஏறிப் பாத்தியிலுள்ள சருகையாவது அள்ளிப் போடட்டும். அதற்கு எஸ்டிமேட் வேண்டாம், நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டும் வேண்டாம்.

ஒரு வாசகர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்