வீட்டில் ட்ரம்பெட் பயிற்சி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

பள்ளி பேண்டு குழுப் பிள்ளைகள் இந்த வாரம் முதல் ட்ரம்பெட்டை வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம். "மெதுவா ஊது" என்று சொல்லத்தான் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள். பயந்து ஊதும் பிள்ளை மூச்சை அடக்கி, உதட்டை இறுக்கி, மவுத்பீஸை (உதட்டில் வைத்து ஊதும் கழற்றக்கூடிய பகுதி) பல்லோடு சேர்த்து அழுத்தும். அது பழகிவிட்டால் உதடு சீக்கிரம் சோர்ந்துபோகும், மேல் ஸ்வரங்கள் எட்டாது. மூச்சு முழுதாகப் போகட்டும். சத்தத்தை வேறு வழியில் குறைப்போம்.

முதல் ஐந்து நிமிடம் மவுத்பீஸ் மட்டும் போதும். அதன் வால் நுனியை இரண்டே விரலால் பிடிக்கச் சொல்லுங்கள், அழுத்த முடியாது. வண்டு ரீங்காரம் போல ஒரே சீராக ஒலிக்க வேண்டும். வெறும் காற்று 'உஸ்' என்று வந்தால் உதடுகள் அதிகம் திறந்திருக்கின்றன. அடுத்து, ஊதாமல் விரல் பயிற்சி. டோ (நம் 'ச' போல, மேற்கத்திய இசையின் முதல் ஸ்வரம்) முதல் மேல் டோ வரை, வால்வுகளை (விரலால் அழுத்தும் மூன்று பொத்தான்கள்; ஊதுபவர் பக்கத்திலிருந்து 1, 2, 3) அழுத்தும் வரிசை: எதுவும் அழுத்தாமல், 1-3, 1-2, 1, எதுவும் அழுத்தாமல், 1-2, 2, எதுவும் அழுத்தாமல். இதை எழுதி வைத்துக்கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

ஊதும்போது பெல்லை (ட்ரம்பெட்டின் விரிந்த முன்வாய்) அடைத்துச் சத்தத்தைக் குறைக்கும் பயிற்சி மியூட் கடையில் கிடைக்கும், ஆனால் விலை அதிகம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றும் கதவிடுக்கில் ஒட்டும் ஃபோம் டேப்பும் வாங்கி வீட்டிலேயே செய்யலாம். மூடியை எடுத்துவிட்டு, கழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி பாட்டிலைப் பெல்லில் வைத்துப் பாருங்கள். அது பெல்லைத் தொடும் இடத்தில் டேப்பை இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். அடிப்பாகத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். துளை இல்லாவிட்டால் காற்று வெளியேறாது, பிள்ளை திணறும். கீழ் ஸ்வரங்கள் அடைத்துக்கொண்டால் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். ஒரேயடியாகப் பெரிதாக்கினால் சத்தம் கூடிவிடும். லேசாகத் திருகிச் செருகுங்கள். சுருதி ஏறினால் டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க நகர்த்தும் வளைந்த குழாய்) சற்று வெளியே இழுத்தால் சரியாகும்.

செலவே இல்லாத வழியும் உண்டு. துணி நிறைந்த பீரோவைத் திறந்து, துணிகளுக்கு ஒரு சாண் முன்னால் பெல்லை வைத்து ஊதலாம். வெறும் சுவரைப் பார்த்து ஊதினால் ஒலி திரும்பி வந்து இரைச்சல் கூடும். பெல்லுக்குள் மட்டும் துணியைத் திணிக்க வேண்டாம். குழாயின் குறுகலில் சிக்கிக்கொள்ளும், குச்சியால் குத்தி எடுக்கப்போய்ப் பித்தளை நெளிந்துவிடும்.

மாலை ஐந்திலிருந்து ஆறரைக்குள், பத்து நிமிடம் ஊதி, பத்து நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து நிமிடம். மியூட்டோடு ஊதும்போது காற்று எதிர்த்து நிற்கும். அதிலேயே பழகினால் திறந்த ட்ரம்பெட்டில் ஒலி கட்டுக்கு வராது. அதனால் சனிக்கிழமை காலை 8 முதல் 10 வரை பள்ளி மைதானத்தில் மியூட் இல்லாமல் ஊதலாம், தவறாமல் அனுப்புங்கள்.

மவுத்பீஸ் இறுகிவிட்டால் கட்டிங் பிளேயரைத் தொடாதீர்கள், அப்படியே கொடுத்தனுப்புங்கள். அதை எடுக்கும் கருவி பேண்டு அறையில் உள்ளது. வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், உறைந்து ஒட்டிக்கொள்ளும். வால்வு ஆயிலைப் பள்ளியிலேயே தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்