கடல் வாங்கினது கடல்லயே நிக்குமா?

பாப்பா,

நேத்து போன்ல "கடல்தான் பாதி கார்பனை உறிஞ்சிடுதேப்பா, அப்புறம் என்ன கவலை"ன்னு கேட்டுட்டு வச்சுட்ட. முதல்ல, பாதி இல்ல, நாம காத்துல விடற கார்பன் டை ஆக்சைடுல கால்வாசி கிட்ட. ரெண்டாவது, கடல் வாங்கறது பெருசில்ல, வாங்கினதை வச்சுக்குதாங்கறதுதான் கேள்வி.

கரையை ஒட்டி 200 மீட்டர் ஆழத்துக்குள்ள இருக்கற கண்டத்திட்டுக் கடலை எடுத்துக்கோ. மொத்தக் கடல் பரப்புல 7, 8 சதவீதம்தான், ஆனா ஆத்துல வர்ற சத்து, அடியிலேருந்து கிளம்பற சத்து எல்லாம் அங்க சேர்றதால பிளாங்க்டன்னு சொல்ற, தண்ணில மிதக்கற குட்டிக் குட்டிப் பாசி பொங்கி வளரும், அது கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கும், தண்ணில குறைஞ்சதை ஈடு கட்ட காத்துலேருந்து இன்னும் இறங்கும். இதுவரைக்கும் எல்லாரும் சொல்றதுதான்.

செத்த பிளாங்க்டன் கீழ விழுந்ததும் பாக்டீரியா அதைத் தின்னுட்டு மறுபடி கார்பன் டை ஆக்சைடாவே விட்டுடும். கோடையில மேல சூடான தண்ணி, கீழ குளிர்ந்த தண்ணின்னு ரெண்டு அடுக்கா நிக்கறவரைக்கும் அது அடியிலயே கிடக்கும். குளிர்காலக் காத்து வந்து கலக்கிச்சுன்னா மேல வந்துடும், கைமாத்து வாங்கினவன் ஆறு மாசத்துல திருப்பிக் குடுத்த மாதிரி. அதுக்குள்ள அந்த அடித்தண்ணி திட்டோட விளிம்பைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போயிடணும், அப்பதான் கணக்குல நிக்கும்.

பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவுல இருக்கற வடகடல்ல இது அப்படியே தெரியும். வடக்குப் பக்கம் ஆழம் ஜாஸ்தி, அடுக்கு நிக்குது, அடித்தண்ணி அட்லாண்டிக்குக்குப் போயிடுது. தெற்குல 50 மீட்டர் கூட இல்லாத ஆழம், வருஷம் பூரா கலங்கிட்டே கிடக்கு, எங்க சேமிக்கறது? ஆனா கிழக்கு சீனக் கடல்ல அதே குளிர் உதவி பண்ணுது. ஆழமில்லாத தண்ணி சீக்கிரம் குளிர்ந்து கனமாகி, கார்பனையும் கூட்டிட்டு சரிஞ்சு வெளிய போயிடும்னு 1999ல ஜப்பான் விஞ்ஞானி சுனோகாயோட குழு எழுதி, கண்டத்திட்டு பம்ப்னு பேர் வச்சாங்க. வெப்பமண்டலத் திட்டுக் கடல் பலதும் உறிஞ்சறதை விட காத்துக்கு விடறதுதான் ஜாஸ்தி, அதையும் சேர்த்துக்கோ.

அப்புறம் சேறு. கடலடியில புதையற கார்பன்ல பெரும்பங்கு கரையோரச் சேத்துலதான் இருக்கு, கடலடியை உரசிட்டே மீன் வாரற இழுவை வலை அதைத்தான் கிளறுது. அதுல எவ்வளவு காத்துக்குத் திரும்புதுன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளயே செம சண்டை. என்னைக் கேட்டா, சண்டை முடியறவரைக்கும் நல்லா சேறு மண்டின இடத்தையாவது விட்டு வைக்கலாம். ஆனா வலை போடறவங்களுக்கு யாரு ஈடு கட்டறது? சட்டம் படிச்சவ நீ, ஞாயித்துக்கிழமை போன் போடு, வாதாடலாம்.

அப்பா