இன்ஜினை இறக்க விடாதே, மாப்ள

மாப்ள,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பெரியவள் காலேஜில் சேர்ந்துவிட்டாள், மீதியைப் பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம். உன் மாருதி 800 பற்றிப் படித்ததிலிருந்துதான் மனசு கேட்கவில்லை. சத்தத்தைக் கேட்டதுமே இன்ஜினை இறக்கணும் என்று ஒர்க் ஷாப்பில் சொல்லிவிட்டார்களாமே. கொஞ்சம் பொறு. முதலில் அது என்ன சத்தம் என்று பார்த்துவிடு.

ஏற்காடு ஏறும்போது, ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் மட்டும், தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போல வருகிறதா? அப்படியென்றால் பேரிங் தேய்மானம் இல்லை. ஸ்பார்க் முந்திக்கொண்டு வந்தால், தீ பரவி முடியும் முன்பே மிச்சக் கலவை தானாகப் பற்றி வெடிக்கும், அந்தச் சத்தம்தான் அது. பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பி, ஸ்பார்க் வரும் நேரத்தை, அதாவது டைமிங்கைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் கரி ஏறியிருந்தாலும் இப்படி வரும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கேட்டு, சூடானதும் நின்றால் பிஸ்டன் தட்டுகிறது, அதற்கு அவசரமில்லை. வால்வு பக்கம் வரும் டேப்பெட் சத்தம் உனக்கே தெரியும், தையல் மெஷின் மாதிரி மேலிருந்து வரும்.

நான் பயப்படுவது போன வருஷம் என் வண்டியில் வந்த சத்தத்துக்கு. அடியிலிருந்து கனமாக, கட்டையைச் சுத்தியலால் தட்டுவது போல, மிதிக்க மிதிக்க வேகமாக வந்தது. ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்கியதை ஒரு மாதம் பார்த்தும் பேசாமல் ஓட்டினேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. இங்கே ஒரு பழைய மெக்கானிக், நல்ல மனிதர், இன்ஜின் ஓடும்போதே ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மூன்று பிளக் வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். இரண்டாவதைக் கழற்றியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்தச் சிலிண்டருக்குள் கலவை எரியாவிட்டால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கு அடி விழாது, அதனால் பேரிங்கும் தட்டாது என்றார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் அந்த ராடின் பேரிங் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கிராங்க்கில் கோடு விழாததால் பேரிங் செட்டோடு தப்பித்தேன், இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் கிராங்க்கும் போயிருக்கும்.

அதனால் நாளைக்கே ஆயில் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பார். அடியிலிருந்து கனமாக வந்தால் ஒர்க் ஷாப்புக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாதே, கட்டி இழுத்துப் போ. ராட் உடைந்தால் பிளாக்கையே துளைத்துவிடும். ஞாயிறு காலை வண்டி ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணி, சூடாகும் வரை போனில் பதிவு செய்து அனுப்பு, கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.